மகளின் விண்ணப்பமும் ஓர் ஆலோசனை நிலையமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பிய என் மகளுக்காக, சென்னையில் உள்ள ஒரு சேர்க்கை ஆலோசனை நிலையத்தில் ஓராண்டுக் கட்டணம் செலுத்தினோம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் மதிப்பெண் சற்றுக் குறைந்ததிலிருந்தே அவளுக்கு உறக்கம் போயிருந்தது. அந்த அச்சத்தைத் தணிப்பதற்குப் பதிலாக, பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பப் படிவத்தில் பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்பாடுகளுக்கென உள்ள 10 இடங்களையும் நிரப்பியே தீர வேண்டும் என்று முதல் ஆலோசகர் வற்புறுத்தியதால், அவள் எட்டிக்கூடப் பார்த்திராத ஒரு விவாத மன்றமும் பட்டியலில் ஏறப் பார்த்தது. 10 என்பது உச்சவரம்பு மட்டுமே என்பதையும், தனிப் படிவம் வைத்திருக்கும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) 4 செயல்பாடுகளை மட்டுமே கேட்கிறது என்பதையும் நாங்களே தேடி அறிந்தோம்.

பின்னர் மாற்றித் தரப்பட்ட ஆலோசகரைக் குறை சொல்ல இயலாது. அவள் 8 ஆண்டுகளாகக் கற்றுவரும் வீணையையும், ஞாயிறுதோறும் தாத்தாவின் மருந்துக் கடையில் கணக்கு எழுதுவதையும் முன்னிறுத்தி, ஒவ்வொன்றின் விளக்கத்தையும் 150 எழுத்துகளுக்குள் அடக்க அவர் பொறுமையாகக் கற்றுத்தந்தார். (கடைக் கணக்கை நாங்கள் ஒரு செயல்பாடாகவே எண்ணியிருக்கவில்லை.) 650 சொற்களுக்குள் அமைய வேண்டிய கட்டுரையில் ஒரு வரியைக்கூட அவர் எழுதித் தரவில்லை, ஓரத்தில் கேள்விகளை மட்டுமே குறித்தார். கட்டணம் அதிகம்தான். சேர விரும்புவோர், ஆலோசகர் யார் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.