ஓடையை அளக்க மதிப்பெண் முறையா, வாழ்முறைக் கணக்கா?

ஓடையடியில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களைக் கொண்டு நீரின் நிலையை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1970களில் பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி (BMWP, Biological Monitoring Working Party) முறை. ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் மாசைத் தாங்கும் திறனைப் பொறுத்து 1 முதல் 10 வரை மதிப்பெண் தந்து கூட்டுவது; மாசைத் தாங்காத குடும்பத்துக்கே அதிக மதிப்பெண். மற்றொன்று, கல்லைப் பற்றி வாழ்பவை எத்தனை, சேற்றில் புதைந்து வாழ்பவை எத்தனை என்று வாழும் முறைப்படி பிரித்து எண்ணுவது. விளைநிலங்களும் மண்சாலைகளும் சூழ்ந்த ஓடைகளைக் கண்காணிக்க நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

கழிவுநீர் கலக்கும் ஓடைக்கு மதிப்பெண் முறையே போதும். அழுகும் பொருளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் கல் ஈக்களின் இளம்பூச்சிகள் முதலில் மறைகின்றன. ஹீமோகுளோபின் கொண்ட சிவப்புக் கைரோனோமிட் புழுக்களும் (கடிக்காத ஒருவகைச் சிறு ஈக்களின் இளம்பருவம்) சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும் பெருகுகின்றன. மதிப்பெண்ணும் அதற்கேற்பச் சரிகிறது.

விளைநிலங்களிலிருந்தும் மண்சாலைகளிலிருந்தும் அடித்துவரப்படும் வண்டல் தாக்கும் விதமே வேறு. நீரோட்டத்தில் ஆக்சிஜன் குறையாமலேயே கற்களுக்கு இடையிலான இடுக்குகள் அடைபடுகின்றன, சில காடிஸ் புழுக்கள் (காடிஸ் ஈக்களின் இளம்பருவம்) இரை பிடிக்கப் பின்னும் வலைகளில் மண் படிகிறது, தட்டையான உடலோடு கல்லை ஒட்டி வாழும் ஹெப்டாஜெனிடே குடும்பத்து மே ஈக்கள் இடமிழக்கின்றன. ஆனால் மதிப்பெண் பட்டியலில் ஹெப்டாஜெனிடேவுக்கு 10 என்றால், நுண்மண்ணில் வளை தோண்டி வாழும் மற்றொரு மே ஈக் குடும்பமான எபிமெரிடேவுக்கும் அதே 10தான். முன்னது போய்ப் பின்னது குடியேறினால் கூட்டுத்தொகை அசையவே அசையாது. கேனிடே என்னும் இன்னொரு மே ஈக் குடும்பத்துக்கு 7. அதன் இளம்பூச்சி ஒன்றைத் தட்டில் நீரோடு வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், முதுகில் சதுரமான இரண்டு மூடிகள் தெரியும். அவை பின்னாலுள்ள செவுள்களை மண் அடைக்காமல் காக்கின்றன. இத்தகைய உயிரி பெருகியிருப்பதே வண்டலுக்கான சாட்சி, ஆனால் மதிப்பெண் முறை அதை நல்ல செய்தியாகவே பதிவு செய்கிறது. மேலும், அம்முறை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஓடையின் மேற்பகுதியிலிருந்து அடித்துவரப்பட்ட ஒற்றைப் பூச்சிக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

என் தேர்வை முடிவு செய்தது இந்த வேறுபாடுதான், ஏனெனில் பரிகாரம் காரணத்தைப் பொறுத்தது. கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு வேண்டும். வண்டலுக்குக் கரையோரச் செடிகொடிகளும் சாலை வடிகால்களும் வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கருதினால், பணம் செலவான பின்னும் ஓடை அப்படியே கிடக்கும்.

வாழ்முறைக் கணக்குக்கு உழைப்பு அதிகம். மெதுவாக ஓடும் பகுதிகளில் புதைந்து வாழ்பவை இயல்பாகவே மிகுதி என்பதால், அதே சரிவும் அகலமும் கொண்ட பாதிப்பற்ற ஓடையோடு ஒப்பிட்டே பேச வேண்டும். பெருவெள்ளம் வடிந்தவுடன் எடுத்த மாதிரியையும் நம்ப முடியாது. இயற்கையிலேயே மணற்படுகையான ஓடைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே இதை மட்டும் நம்பும்படி நான் சொல்லமாட்டேன்.

மதிப்பெண் முறையையே தொடர விரும்புவோரும், குடும்பப் பெயருக்கு எதிரே எண்ணிக்கையையும் எழுதி வைத்தால், அதே மாதிரியிலிருந்து வண்டலின் அளவைப் பின்னர் கணித்துக்கொள்ளலாம்.