புதுக் கவருக்குள் உடைந்த கார் சீட்: பழையது வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவும்

குழந்தைக்குப் பழைய கார் சீட் வாங்கலாம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். விபத்தில் அடிபட்ட சீட்டுக்குப் புதுக் கவர் மாட்டி, 'ஆக்சிடென்ட்டே ஆகாதது' என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். குழந்தையை அதில் உட்கார வைப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அதே ஆளிடம் இன்னும் சில சீட்டுகள் விற்பனைக்கு இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் தனிநபர் போட்டிருந்த விளம்பரம் அது. நல்ல பெயருள்ள கம்பெனியின் சீட், வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, குழந்தை வளர்ந்துவிட்டதால் கொடுக்கிறோம் என்று போட்டிருந்தார். போன் செய்து நான் முதலில் கேட்டதே விபத்தைப் பற்றித்தான். "அதெல்லாம் ஒண்ணுமே இல்ல சிஸ்டர், எங்க பாப்பாவுக்கு வாங்கினது, வண்டியில ஒரு கீறல்கூட விழுந்ததில்ல" என்றார். மேனுவல் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். லேபிள் தண்ணீர் பட்டு உரிந்துவிட்டதாம். நேரில் பார்த்தபோது சீட் பளிச்சென்று இருந்தது. பக்கிள் 'டக்'கென்று மாட்டியது, பெல்ட்டை இழுத்தால் இறுகியது. கவரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, "புதுசா தச்சு மாட்டினது சார், கழட்டினா எலாஸ்டிக் விட்டுடும்" என்று தடுத்துவிட்டார். பணத்தைக் கொடுத்து எடுத்துவந்தோம்.

வீட்டில் கவரைத் துவைப்பதற்காகக் கழற்றினேன். தலைக்கு இரண்டு பக்கமும் வரும் தடுப்புக்குள் வெள்ளைத் தெர்மாகோல் வைத்திருப்பார்கள். இடது பக்கத் தெர்மாகோல் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவு விலகாமல் இருக்க அகலமான பேக்கிங் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். டேப்பின் ஓரத்தில் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது. மேலே இருந்த கவரோ சாம்பல் நிறம். பழைய கவர் கிழிந்ததோ கறைபட்டதோ, அதைக் கழற்றும்போது ஒட்டிக்கொண்ட நூல் என்று நினைக்கிறேன். சீட்டைக் குப்புறப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், காரின் பெல்ட் நுழைந்து போகும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பிளாஸ்டிக் தாங்க முடியாத அளவுக்கு வளைந்து திரும்பினால் அப்படித்தான் வெளுக்கும். தோள் பெல்ட்டில் ஓர் இடத்தில் மட்டும் நெசவு நசுங்கி மினுமினுவென்று இருந்தது.

வயதும் பொய். லேபிள் இருந்த இடத்தில் பசை மட்டும்தான் மிச்சம். ஆனால் பிளாஸ்டிக் பாகங்களில் வார்க்கும்போதே ஒரு சிறு வட்டம் பதிந்திருக்கும், பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். வட்டத்தைச் சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் அம்புக்குறி, அம்புக்கு இரண்டு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள். அம்பு காட்டுவது அந்தப் பாகம் வார்க்கப்பட்ட மாதம். சீட்டின் அடிப்பாகத்தில் அது அழியாமல் இருந்தது. இரண்டு வருடம் என்று சொன்ன சீட்டுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. லேபிளை உரித்தவரால் இதை உரிக்க முடியவில்லை.

படங்களை எடுத்து அவருக்கு அனுப்பினேன். முதலில் "நீங்கதான் கீழ போட்டிருப்பீங்க" என்றார். டேப் சுற்றிய படத்தை மறுபடி அனுப்பியதும், "லேசா ஒரு இடி சிஸ்டர், அப்போ பாப்பா உள்ளே இல்ல, அதனால ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பணம் திரும்ப வரவில்லை. அவர் பெயரில் இருந்த மற்ற விளம்பரங்களையும் போய்ப் பார்த்தேன். மூன்று நான்கு சீட், வேறு வேறு கம்பெனி, எல்லாவற்றுக்கும் ஒரே துணியில் தைத்த சாம்பல் நிறக் கவர். சொந்தக் குழந்தையின் சீட்டை விற்கிற வீட்டில் இத்தனை சீட் எப்படி இருக்கும்? ஒரே ஆள் பல சீட்டுகளை விற்கிறார் என்றால் அவை எந்த வண்டியிலிருந்து வந்தவை என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். விளம்பரத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

'குழந்தை உள்ளே இல்லை, அதனால் பரவாயில்லை' என்பது பலர் நம்பும் பேச்சு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மோதலில் சீட்டின் எடையே காரின் பெல்ட்டையும், சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியையும் பிடித்து இழுக்கும். காலியாக இருந்தாலும் இழுக்கும். சீட்டின் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிட்டு மறுபடி பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெர்மாகோல் வேறு கதை. நசுங்கித்தான் அது அடியை உள்வாங்கும். ஒருமுறை நசுங்கினால் திரும்ப உப்பாது. அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். டேப் ஒட்டினால் துண்டுகள் சேர்ந்து நிற்குமே தவிர, அடுத்த மோதலில் அது குழந்தையின் தலைக்கு உதவாது.

எல்லா உரசலுக்கும் சீட்டைத் தூக்கிப் போட வேண்டுமா என்றால், அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு சிறிய விபத்து என்பதற்கு ஒரு வரையறை சொல்கிறது. மோதலுக்குப் பிறகு காரை ஓட்டிக்கொண்டே போக முடிந்திருக்க வேண்டும். சீட்டுக்குப் பக்கத்துக் கதவில் சேதம் இருக்கக் கூடாது. வண்டியில் இருந்த யாருக்கும் காயம் கூடாது. ஏர்பேக் எதுவும் விரிந்திருக்கக் கூடாது. சீட்டிலும் கண்ணுக்குத் தெரிந்த சேதம் இருக்கக் கூடாது. ஐந்தும் பொருந்தினால்தான் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஒன்று தவறினாலும் மாற்ற வேண்டும். பல கம்பெனிகள் இதைவிடக் கறாராக, எந்த விபத்தானாலும் மாற்றிவிடு என்றே மேனுவலில் எழுதியிருக்கும். அப்போது மேனுவல் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, லேபிளுக்கு வருகிறேன். லேபிள் இல்லாத சீட்டை யார் கொடுத்தாலும், இலவசமாகவே கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாடல் எண், தயாரித்த தேதி இரண்டும் அதில்தான் இருக்கும். அந்த இரண்டும் இல்லாமல் அந்த மாடலைக் கம்பெனி எப்போதாவது குறைபாட்டுக்காகத் திரும்பப் பெற்றதா என்று பார்க்கவே முடியாது. பக்கிள் சரியாகப் பூட்டாதது, கைப்பிடி முறிவது போன்ற காரணங்களுக்காகப் பல மாடல்கள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சிலவற்றுக்குக் கம்பெனியே புதுப் பாகம் அனுப்பும்.

ஐரோப்பிய விதிப்படி செய்த சீட் என்றால் ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும், 1 என்றால் ஜெர்மனி. பழைய விதி ஆர்44. அதில் அனுமதி எண் 03 அல்லது 04 என்று தொடங்க வேண்டும். 01, 02 என்று தொடங்குபவை மிகப் பழையவை, ஐரோப்பாவில் 2008-லிருந்தே பயன்படுத்தத் தடை. 2013-ல் வந்த புதிய விதி ஆர்129. பக்கவாட்டு மோதல் சோதனை இதில்தான் சேர்ந்தது. எடைக்குப் பதிலாகக் குழந்தையின் உயரத்தை வைத்து சீட்டைப் பிரித்திருப்பார்கள், 15 மாதம் வரை பின்னோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்பது நின்றுவிட்டது. அதனால் அவை இப்போது பழைய சாமான் சந்தைக்கு நிறைய வரும். சரியான லேபிளும் நம்பத்தகுந்த வரலாறும் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அமெரிக்கச் சீட்டுகளுக்கு வேறு விதி, ஈ முத்திரை இருக்காது. 'இம்போர்ட்டட்' என்று சொல்லிக் கொடுத்தால் மயங்காமல், நீங்கள் கார் ஓட்டும் நாட்டில் அது செல்லுமா என்று பாருங்கள்.

காலாவதித் தேதி என்று ஒன்று கார் சீட்டுக்கும் உண்டு. தயாரித்த நாளிலிருந்து ஆறு முதல் பத்து வருடம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூட்டிய காருக்குள் வெயிலிலும் குளிரிலும் வருடக்கணக்காகக் கிடக்கிற பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வலுவிழக்கும். வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் போடக் கூடாது, தயாரித்த தேதியிலிருந்துதான்.

கவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியில் தைத்த கவர் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் அந்த சீட்டோடு சேர்த்து யாரும் அதைச் சோதித்ததில்லை. தடிமனான துணியோ கூடுதல் பஞ்சோ முதுகுக்குப் பின்னால் இருந்தால், பெல்ட் இறுகிவிட்டது என்று நாம் நினைப்போம். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கியதும் பெல்ட் தளர்ந்துவிடும். அப்புறம் அந்தப் பெல்ட்டின் வாசனை. எங்களுக்கு வந்ததில் துணி சோப்பு வாசனை தூக்கலாக இருந்தது. பெல்ட்டை ஈரத்துணியால் துடைக்கத்தான் சொல்கிறார்கள். மெஷினில் போட்டாலோ ப்ளீச்சில் ஊறவைத்தாலோ இழை வலுவிழக்கும். வாசனை வந்தால் எப்படித் துவைத்தீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

என் முடிவு இதுதான்: முன்பின் தெரியாதவரிடம் கார் சீட் வாங்க மாட்டேன். பெரிய கம்பெனியின் பழைய சீட்டைவிட, அங்கீகார லேபிளோடு வரும் சாதாரணப் புது சீட் எவ்வளவோ மேல். விலை கூடிய சீட்டுகளில் வசதி கூடுதலாக இருக்கும், ஆனால் எல்லாமே அடிப்படைச் சோதனையில் தேறித்தான் வெளியே வருகின்றன. பழையதுதான் முடியும் என்கிற நிலையில் இருப்பவர்கள் நேரில் போவதற்கு முன்பே இரண்டு படம் கேளுங்கள்: லேபிளின் படம், கவர் கழற்றிய பிறகு தெர்மாகோலின் படம். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் அனுப்பிவிடுவார். எலாஸ்டிக் விட்டுவிடும் என்று யாராவது சொன்னால் அதோடு போனை வைத்துவிடுங்கள். கவர் துவைப்பதற்காகக் கழற்றி மாட்டும்படி செய்யப்பட்டதுதான்.

எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது என் நாத்தனார் மகன் உபயோகித்த சீட். நான் கேட்பதற்கு முன்பே அவள், "இவர் ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கறப்ப சுவத்துல தட்டிட்டார் அண்ணி. நான் மேனுவலை எடுத்துப் பார்த்துட்டேன், இந்த மாதிரி சின்னத் தட்டலுக்கு மாத்த வேணாம்னுதான் போட்டிருக்கு. நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கோங்க" என்றாள். மேனுவல் சீட்டின் பின்பக்கப் பையிலேயே இருந்தது. கைக்குழந்தைக்கு வைக்கும் மெத்தை, மேலே கட்டும் டெதர் பட்டை எல்லாம் இருந்தன. லேபிளில் தேதி தெளிவாக இருந்தது, இன்னும் மூன்று வருடம் பயன்படுத்தலாம். எங்கள் காரில் மாட்டிவிட்டு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். அங்கே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது, அசையவில்லை. எந்த சீட்டாக இருந்தாலும் உங்கள் காரில் ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், எல்லா சீட்டும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. பின்னோக்கி வைக்கும் சீட்டை, ஏர்பேக் வேலை செய்கிற முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

அந்த உடைந்த சீட்டின் தோள் பெல்ட்டுகளை வெட்டி, கவரைக் கிழித்து, ஓட்டின் மேல் மார்க்கரில் 'விபத்தில் சேதமானது, பயன்படுத்தாதீர்கள்' என்று பெரிதாக எழுதிய பிறகுதான் குப்பைக்கு அனுப்பினோம். முழு சீட்டாக வெளியே வைத்தால் யாராவது எடுத்துத் துடைத்து மறுபடி விற்றுவிடுவார்கள். உங்கள் வீட்டில் காலாவதியான சீட் கிடந்தால் அதையும் இப்படி வெட்டிவிட்டே போடுங்கள்.