மைலோஃபைப்ரோசிஸ்: எந்த மதிப்பெண்ணைப் பின்தொடர்வது?

எலும்பு மஜ்ஜை நார்நாராகத் தடித்துப்போகும் இந்த நோயில், ஆயுளைக் கணிக்கப் பல மதிப்பெண் முறைகள் உண்டு. அப்பாவுக்கு நாங்கள் பின்தொடர்வது டிஐபிஎஸ்எஸ் (DIPSS) என்ற முறை.

அதற்கு முன்னோடியாக 2009இல் வந்த ஐபிஎஸ்எஸ் (IPSS) ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: 65ஐத் தாண்டிய வயது, 10க்குக் கீழான ஹீமோகுளோபின், 25,000க்கு மேல் வெள்ளணுக்கள், ரத்தத்தில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பிளாஸ்ட் அணுக்கள் (முதிராத ரத்த அணுக்கள்), அப்புறம் காய்ச்சல், வியர்வை, எடைக்குறைவு போன்ற தொந்தரவுகள். நோயைக் கண்டறிந்த சமயத்துக்கான கணக்கு அது. அதோடு அதன் வேலை முடிந்தது.

2010இன் டிஐபிஎஸ்எஸ் பார்ப்பதும் இதே ஐந்தைத்தான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம், ஹீமோகுளோபினுக்கு மட்டும் 2 புள்ளி. எனக்கு முக்கியம் இதுதான். 68 வயதுக்காரருக்கு வயதுக்காக 1 புள்ளி என்று வையுங்கள். வேறு புள்ளி இல்லாமல் ஹீமோகுளோபின் 10.4 இருக்கும்வரை நடுத்தர ஆபத்தின் முதல் பிரிவு. அந்தப் பிரிவின் இடைநிலை ஆயுள் சுமார் 14 வருடம். ஹீமோகுளோபின் 9.8க்கு இறங்கினால் 3 புள்ளி, நடுத்தர ஆபத்தின் இரண்டாம் பிரிவு, சுமார் 4 வருடம். மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிய பேச்சு தீவிரமாவதும் இங்கேதான். இந்த மாற்றத்தைப் பிடிக்கச் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். எலும்பைத் துளைக்க வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த நோய்க்குத் தரும் ருக்ஸோலிடினிப் மாத்திரை, குறிப்பாக முதல் சில மாதங்களில், ஹீமோகுளோபினை இறக்கும். அப்போது மதிப்பெண் ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். 14, 4 என்ற கணக்குகளும் அந்த மாத்திரை புழக்கத்துக்கு வருமுன் திரட்டியவை. பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்பதுதான் இடைநிலை ஆயுளுக்கு அர்த்தம்.

2018இன் மிப்ஸ் 70, ஏஎஸ்எக்ஸ்எல்1 போன்ற மரபணு மாற்றங்களையும் மஜ்ஜையில் நார் எந்த அளவு என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. 70 வயது வரையிலானவர்களுக்கு, மாற்று சிகிச்சை பற்றி முடிவெடுக்க உருவாக்கியது. அந்த வயதில் இருப்பவர் அதையும் கேட்டுப் பெற வேண்டும் என்றே நினைக்கிறேன். அப்பா அந்த வயதைத் தாண்டியவர் என்பதால் அதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

ரத்தம் ஏற்றத் தொடங்கியவர்களுக்கு 2011இன் டிஐபிஎஸ்எஸ் பிளஸ் பொருத்தம். அதில் ரத்தமேற்றலுக்கும் குறைந்த தட்டணுக்களுக்கும் தனிப் புள்ளி உண்டு. பாலிசைத்தீமியா வேரா (சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்) முற்றி மைலோஃபைப்ரோசிஸாக மாறியவர்களுக்கு 2017இல் வந்த மைசெக் என்ற கணக்கு தனியாக இருக்கிறது.