'ஒரிஜினல் முதல் பிரஸ்' எல்பி வாங்குகிறவர்கள் கவனத்திற்கு

பழைய தமிழ் எல்பி (இசைத்தட்டு) சேர்க்கும் நண்பர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். இணையத்தில் விற்கும் ஒரு கடையில், "கல்கத்தா டம்டம் ஆலைத் தட்டு, முதல் பிரஸ்", அதாவது எச்.எம்.வி. ஆலையில் முதல் தடவை அச்சடித்த தட்டு, என்ற பேச்சை நம்பி 380 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது திருட்டு நகல்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 70களில் ஒரு தீபாவளிக்கு அவர் வாங்கிய எம்.எஸ்.வி. இசையமைத்த சினிமாப் பாட்டுத் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது, டி.எம்.எஸ். உச்சத்துக்குப் போனால் கரகரக்கும். அதே தட்டு நல்ல நிலையில் கிடைத்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கலாமே என்றுதான் இத்தனை பணம் போட்டேன்.

ஊசியை வைத்த சில நொடிகளில் 'டிக்... டிக்...' என்று கீறல் சத்தம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். சத்தமும் சரியாக அந்த இடைவெளியில்தான், கீறல் விழுந்த தட்டில் வருவது போலச் சுற்றுக்கு ஒரு தடவை, வந்தது. எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கோடு இல்லை! யாருடைய கீறல் விழுந்த தட்டையோ ஓடவிட்டுப் பதிவு செய்து, அந்தக் கீறலோடு சேர்த்துப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

நகல் கொஞ்சம் சத்தமாகப் பாடியதால் முதலில் அதுவே தேவலை போலத் தோன்றியது. இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டேன். அப்பாவின் தட்டில், அத்தனை தேய்மானத்திலும், தபேலா அடி ஒவ்வொன்றும் தனியாக விழுகிறது. நகலில் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல எல்லாம் மந்தம்.

பணம் கட்டுவதற்கு முன், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்றுப் பகுதியை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவின் தட்டில் லேபிளில் உள்ள எண் அங்கேயும் பொறித்திருக்கிறது. எனக்கு வந்ததில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. லேபிளின் சின்ன எழுத்துகளும் ஸ்கேன் எடுத்தது போலக் கலங்கியிருக்கின்றன. விளம்பரத்தில் இருந்தது வேறொரு தட்டின் படம்.

கேட்டதற்கு, "விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று ஒரே பதில். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் தேவையில்லை. விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, பார்சல் உறை மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே போல ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.