ஸ்டீல் தூணுக்கு நான்-ஷ்ரிங்க் கிரவுட்: வாங்கலாமா?

பழைய கான்கிரீட் பீம்கள் இரண்டுக்கு நடுவே ஸ்டீல் தூண் நிறுத்துவோருக்கு நான்-ஷ்ரிங்க் கிரவுட் (காய்ந்தாலும் சுருங்காத சிமென்ட் கலவைப் பொடி) 25 கிலோ மூட்டை கொடுத்த காசுக்குத் தகும். சாதா சிமென்ட் கலவை காய்ந்து சுருங்கி, தூணின் முனையிலுள்ள பிளேட்டுக்கு (இரும்புத் தகடு) மேல் மயிரிழை இடைவெளி விடும்; தூண் அழகுக்கு நிற்கும், பாரம் ஏறாது.

தூணை 40 மி.மீ. குட்டையாக வெட்டி, மேலும் கீழும் 20 மி.மீ. விடுங்கள். பீமைக் கொத்தி நனையுங்கள். கீழே ஒரு பக்கமிருந்தே ஊற்றணும். இரு பக்கமும் ஊற்றினால் காற்று சிக்கும். மேலே கெட்டியாகப் பிசைந்து இடித்து அடைக்கணும். மூட்டையில் அச்சிட்ட அளவைத் தாண்டி ஒரு சொம்பு தண்ணீர் கூடினாலும் பலம் போச்சு. பீமைத் தற்காலிகமாகத் தாங்கும் ஜாக்கியை 7 நாள் கழற்றாதீர்கள்.

கிரவுட் தீர்க்காத சிக்கல் ஒன்று: பீமின் நடுவில் புதுத் தாங்கல் வந்தால் இழுவிசை மேல்பக்கம் மாறும். அங்கே கம்பி குறைவு, விரிசல் விடும். இன்ஜினியர் கணக்குப் பார்த்த பிறகே மூட்டை வாங்குங்கள்.