அம்லோடிபினா, சில்னிடிபினா, டில்டியாசெமா?

"இந்த மாத்திரை போட்டதிலிருந்து கால் வீங்குது." ராயபுரம், காசிமேடு பக்கம் பிரஷர் உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. சொல்வதோடு நிற்காமல் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். கவலை அதுதான். அந்த மாத்திரை பெரும்பாலும் அம்லோடிபின்.

அம்லோடிபின், சில்னிடிபின், டில்டியாசெம் மூன்றும் ஒரே வகை. ரத்தக்குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துவது இந்த வகை மருந்துகளின் வேலை. பிரஷர் இறங்கும், இதயச் சுமை குறைந்து நெஞ்சுவலியும் அடங்கும்.

என் முதல் ஓட்டு அம்லோடிபினுக்கே. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். விடியற்காலை மீன் ஏலத்துக்கு ஓடுபவரோ, ஹார்பரில் ஷிப்ட் மாறுபவரோ ஒரு வேளை மறந்தாலும் பிரஷர் சட்டென்று எகிறாது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கிறது. 2002-இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டோரிடம் மற்ற பிரஷர் மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்த மருந்து இது.

சரி, வீக்கம்? தமனிகள் விரியும் அளவுக்குச் சிரைகள் விரிவதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. நாளெல்லாம் நின்று வேலை செய்தால் சாயங்காலம் கணுக்கால் உப்பித் தெரியும். கிட்னி கெட்டுவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. இந்த வீக்கத்துக்குக் காரணம் அது இல்லை. நீர் பிரிய மாத்திரை போட்டாலும் பெரிதாக வற்றாது. 10 மில்லிகிராமை 5 ஆக்குவதோ, டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பதோ பலருக்கு உதவும். எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதிலும் அடங்காவிட்டால் சில்னிடிபின். நரம்பு முனைகளிலுள்ள கால்சியம் வழியையும் அடைப்பதால் வீக்கம் குறைவு. ஆனால் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதற்கான சான்றும் அம்லோடிபினுக்கு இருக்கும் அளவு இல்லை.

டில்டியாசெம் வேறு ரகம். இதயத் துடிப்பையே மெதுவாக்கும். துடிப்பு வேகமாக உள்ள ஆஞ்சைனாகாரர்களுக்கு, அதாவது இதய நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு, நல்லது. ஏற்கெனவே மெட்டோப்ரோலால் (இதுவும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) போடுபவருக்குச் சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்கு வேண்டாம்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மாத்திரை மாற்றும் பேச்சே கிடையாது; அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.