ஆறு வருஷமாய்த் திருந்தாத 0.465

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கிற சின்னம்மாவின் மகன் போன கிழமை வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணை, நீங்கள் பாவிக்கிற துளை அமுக்க மென்பொருளுக்கு மாணவர் விலை குறைச்சிருக்கிறாங்கள். வாங்கட்டே?" பாறையின் நுண்துளைகளுக்குள் அடைபட்ட நீர்மத்தின் அமுக்கத்தைக் கணிக்கிற மென்பொருள் அது. ஒரு வரியில் பதில் போட வெளிக்கிட்டேன். ஏலவில்லை.

ஓமானில் வேலை செய்தபோது அதோடு பிடித்த பழக்கம். இப்போது கோண்டாவிலில், வீட்டு முன்னறையில், கரண்ட் போய் யூ.பி.எஸ். கீச்சிடக் கீச்சிட அதே மென்பொருளோடு ஆறாவது வருஷம். எண்ணெய்க் கிணறு துளைக்கையில் உள்ளே விடுகிற சேற்றின் நிறை குறைந்தால் 'கிக்' அடிக்கும், அதாவது பாறைக்குள் இருக்கிற நீர்மம் கிணற்றுக்குள் பாயும்; கூடினால் பாறை பிளந்து சேற்றைக் குடிக்கும். இடையில் எவ்வளவு என்று சொல்வதுதான் என் சோறு.

என் விசரெல்லாம் ஒரே எண்ணில். புதிய வேலையைத் திறந்தால், நீரமுக்கப் படித்திறன், அதாவது ஆழம் கூடக் கூட நீரின் அமுக்கம் ஏறுகிற வீதம், அடிக்கு 0.465 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) என்று தானாய் வந்து குந்தியிருக்கும். அது மெக்சிக்கோ வளைகுடாவின் உப்புநீருக்கான எண். நன்னீருக்கு 0.433. நான் பார்க்கிற எண்ணெய் வயலில் கிட்டத்தட்ட நன்னீர்தான். பத்தாயிரம் அடியில் வித்தியாசம் 320 பி.எஸ்.ஐ., சேற்றுக் கணக்கில் கலனுக்கு 0.6 இறாத்தல். மாற்றிச் சேமித்தாலும் அடுத்த வேலையில் பழைய குருடி கதவைத் திறடிதான். "டெம்பிளேட் செய்து வையுங்கள்" என்றார்கள் மென்பொருள்காரர். செய்தேன். அடுத்த அப்டேட் அதையும் விழுங்கியது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்லதண்ணி, ஆழத்தில் உப்பு என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவனுக்கு எல்லாத் தண்ணியும் ஒன்றென்று சொல்ல வருகிறது!

ஒருநாள் இரவு தூக்கக் கலக்கத்தில் மாற்ற மறந்து அறிக்கையை அனுப்பியும் விட்டேன். துளைக்கிற இடத்திலிருந்த பொறியியலாளர் ஒருவர் விடியவே போன் எடுத்து, "என்ன, கடலுக்குள்ளயோ துளைக்கிறம்?" என்றார். அன்றிலிருந்து திரையின் விளிம்பில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டிக் கிடக்கிறது: 'தண்ணி?'

ஆனால் ஒன்று சொல்ல வேணும். போன வருஷம் ஒரு கிணற்றில் துளை அமுக்கத்தைக் கணிக்க ஈட்டன் 1975இல் சொன்ன முறைப்படி வந்த வளைவு சாதுவாய்க் கிடந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஒலிவேகத்தையும் அடர்த்தியையும் ஒரே படத்தில் புள்ளிகளாய்ப் போட்டேன். ஓரிடத்துக்குக் கீழே வேகம் இறங்குகிறது, அடர்த்தி அசையவில்லை. மவுஸால் அந்தப் புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி வளைத்ததும், பக்கத்துக் கிணற்றுப் பதிவில் அதே ஆழத் துண்டு சிவப்பாய் எரிந்தது. இது படிவு இறுகாததால் மட்டும் வந்த அமுக்கமில்லை, பாறைக்குள் பிறகு நீர்மம் வீங்கியிருக்க வேணும். இப்படி வீங்கிய அமுக்கத்தையும் சேர்த்துக் கணிக்க பவர்ஸ் (Bowers) 1995இல் சொன்ன வழிக்குக் கணக்கை மாற்ற எண் விறுவிறென்று ஏறியது. பிறகு கிணற்றில் அளந்ததும் அதற்குக் கிட்டத்தான் நின்றது. இவ்வளவு வடிவாய் இதைக் காட்டிய வேறொரு மென்பொருளை நான் பாவித்ததில்லை.

சுண்ணக்கல்லில் இந்த முறைகள் சறுக்கும். அதற்கு மென்பொருளைப் பேச ஏலாது. கல்லின் குணம் அது.

தம்பி, நீ வாங்காதை. ஈட்டனின் சமன்பாடு எக்செலில் ஒரு வரிக்குள் அடங்கும். தண்ணியின்ர எண்ணை உன்ர கையால அடி. அப்பதான் மறக்கமாட்டாய்.

என்னுடைய லைசென்ஸோ? நேற்றுத்தான் காசு கட்டிப் புதுப்பித்தேன்.